உள்ளூர் நாடகக் குழுவின் குறுநாடக மாலைக்கு முதல்முறையாக எழுதி அனுப்பலாமா? எதைக் கவனிக்க வேண்டும்?

கேள்வியில் நீங்கள் சொல்லியிருப்பது இதுதான்: சிறுகதை எழுதிப் பழக்கம் உண்டு, நாடகம் எழுதியதில்லை. ஊரில் இருக்கும் நாடகக் குழு, உள்ளூர்க்காரர்கள் எழுதிய பத்து நிமிட நாடகங்களை ஒரே மாலையில் மேடையேற்றப் போகிறது. அனுப்பலாமா என்று யோசிக்கிறீர்கள்.

அனுப்புங்கள். இப்படிப்பட்ட நிகழ்வுகளுக்கு நான் மூன்று முறை எழுதியிருக்கிறேன். இரண்டு முறை எதுவும் எழுதாமல் மேடைக்குப் பின்னால் நாற்காலி தூக்கியிருக்கிறேன். எழுதியதைவிட நாற்காலி தூக்கியதில்தான் அதிகம் கற்றுக்கொண்டேன், அதனால் என் பதிலும் அந்தப் பக்கமே சாயும்.

என் முதல் நாடகத்தில் ஐந்து பாத்திரங்கள், நான்கு காட்சிகள். வீடு, ஆஸ்பத்திரி, மறுபடியும் வீடு, கடைசியில் ரயில் நிலையம். ஒவ்வொரு காட்சி முடிவிலும் ‘விளக்கு அணைகிறது’ என்று ஒரு வரி. சிறுகதையில் மூன்று நட்சத்திரம் போட்டுவிட்டு அடுத்த பகுதிக்குப் போவோமே, அந்தப் பழக்கத்தில் எழுதியது. மேடையில் அந்த மூன்று நட்சத்திரத்தையும் ஆட்கள்தான் தூக்கிக்கொண்டு போக வேண்டும் என்று எனக்கு அப்போது தெரியாது. இருட்டில் இரண்டு பேர் கட்டிலை இழுக்கிறார்கள். இன்னொருவர் தரையில் ஒட்டியிருக்கும் ஒளிரும் டேப்பைத் தேடிக்கொண்டு நாற்காலியோடு நிற்கிறார். பார்வையாளர்கள் போனை எடுத்து மணி பார்க்கிறார்கள். ஒரு மாற்றத்துக்கு முப்பது நொடி என்றாலும் மூன்று மாற்றத்துக்கு ஒன்றரை நிமிடம் போய்விடும். இருப்பதே பத்து.

முதல் வாசிப்பு முடிந்ததும் இயக்குநர் கேட்டார்: “இந்த நாலுல எந்தக் காட்சிக்காக இதை எழுதினீங்க?” மூன்றாவது என்றேன். “அப்ப அதை மட்டும் வெச்சுக்கலாமா?” இரண்டு நாள் அவரோடு நான் பேசவில்லை. மூன்றாம் நாள் மற்ற மூன்றையும் எடுத்துவிட்டேன். எடுத்த மூன்று காட்சிகளில் இருந்த தகவல்களில் இரண்டே இரண்டு வரிதான் மிச்சக் காட்சிக்குத் தேவைப்பட்டது.

எழுதும் முன் அந்த மாலையின் கணக்கைப் போட்டுப் பாருங்கள். எட்டு நாடகம், ஆளுக்குப் பத்து நிமிடம், ஆக எண்பது. நடுவில் ஏழு மாற்றங்கள், ஒவ்வொன்றும் இரண்டு நிமிடம் என்றால் பதினான்கு. இடைவேளை பதினைந்து. எதுவும் தவறாக நடக்காவிட்டாலே ஒன்றே முக்கால் மணி நேரத்தைத் தாண்டிவிடுகிறது. அதனால்தான் இப்படிப்பட்ட நிகழ்வுகளில் பெரும்பாலும் எல்லோருக்கும் பொதுவாக ஒரு மேசை, இரண்டு மூன்று நாற்காலி, சில மரப்பெட்டிகள், அவ்வளவுதான் தருவார்கள். விளக்கும் அப்படித்தான். எட்டு நாடகத்துக்கும் சேர்த்து ஒரே அமைப்பைத் தொங்கவிட்டிருப்பார்கள். உங்கள் ஒருவருக்காக நிலா வராது. தொழில்நுட்ப ஒத்திகையில் உங்கள் நாடகத்துக்கு ஒரு மணி நேரம் கிடைத்தால் அதிர்ஷ்டம். அதில் வசனம் பேசிக்கூடப் பார்க்க மாட்டார்கள், விளக்கும் ஒலியும் மாறும் இடங்களுக்கு மட்டும் தாவித் தாவிப் போவார்கள். பன்னிரண்டு ஒலிக் குறிப்பு எழுதியவர் அன்றைக்கு எல்லோருடைய சாபத்தையும் வாங்கிக்கொள்வார். நான் வாங்கியிருக்கிறேன்.

நேரம் பற்றி ஒரு எச்சரிக்கை. ஒரு பக்கம் என்றால் ஒரு நிமிடம் என்று எங்கும் சொல்வார்கள். அது ஆங்கில ஸ்கிரிப்ட் வடிவத்தை வைத்துப் பிறந்த கணக்கு. தமிழில், நம் எழுத்துரு அளவில், அதை நம்பாதீர்கள். எழுந்து நின்று, எல்லாப் பாத்திரங்களையும் நீங்களே வாய்விட்டுப் பேசி, கதவைத் திறக்கிற நேரத்தையும் உட்கார்கிற நேரத்தையும் சேர்த்து, கடிகாரம் வைத்து அளந்து பாருங்கள். எட்டரை நிமிடம் வந்தால் சரியாக இருக்கும். மேடையில் மௌனங்கள் தானாக வந்து ஒட்டிக்கொள்ளும், சிரிப்பு வந்தால் நடிகர்கள் நின்று கொடுக்க வேண்டும். நீங்கள் அளந்ததே பத்து என்றால் மேடையில் அது பன்னிரண்டு.

இந்த மாதிரி முயற்சியெல்லாம் பொழுதுபோக்குக்காரர்களின் வேலை என்று யாராவது சொன்னால் அவர்களுக்குச் சொல்ல ஒரு கதை இருக்கிறது. 1915 கோடையில் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் ப்ராவின்ஸ்டவுன் என்ற கடலோர ஊரில் சில நண்பர்கள் தாங்களே எழுதிய இரண்டு குறுநாடகங்களை ஒரு வீட்டில் போட்டார்கள். முதல் நாடகம் வராந்தாவில் நடந்தது, பார்வையாளர்கள் கூடத்தில் உட்கார்ந்து பார்த்தார்கள். அது முடிந்ததும் பார்வையாளர்கள் நாற்காலிகளோடு வராந்தாவுக்குப் போய்க் கூடத்தைப் பார்த்து உட்கார, இரண்டாவது நாடகம் கூடத்தில் நடந்தது. நான் கேள்விப்பட்டதிலேயே மலிவான காட்சி மாற்றம் இதுதான்.

அந்தக் கோடை முடிவதற்குள் அவர்கள் மீன்பிடித் துறையில் இருந்த ஒரு பழைய கட்டடத்தை மேடையாக்கிக்கொண்டார்கள். 1916 ஜூலையில் யூஜின் ஓ’நீல் எழுதி மேடையேறிய முதல் நாடகம் அங்கேதான் நடந்தது. கப்பலில் ஒருவன் செத்துக்கொண்டிருக்கிறான், அரங்கின் பலகைத் தரைக்குக் கீழே நிஜக் கடல் அலையடிக்கிறது. இருபது வருடம் கழித்து, 1936இல், அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. ஆனால் எனக்கு அந்தக் கூட்டத்தில் பிடித்தவர் சூசன் கிளாஸ்பெல். அவருடைய கணவர், அடுத்த நிகழ்வுக்கு உன் நாடகம் வேண்டும் என்று சொல்லிவிட்டார். எனக்கு நாடகம் எழுதத் தெரியாதே என்றவர், அந்தத் துறைமுக அரங்குக்குப் போய் ஆளில்லாத மேடையையே வெகுநேரம் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். பார்க்கப் பார்க்க அது ஒரு சமையலறை ஆனது என்று பிற்பாடு எழுதினார். முன்பு பத்திரிகை நிருபராக இருந்தபோது அவர் செய்தி எழுதிய ஒரு கொலை வழக்குதான் கதை. கொலைக் குற்றம் சாட்டப்பட்ட பெண் அந்த நாடகத்தில் கடைசிவரை மேடைக்கு வருவதே இல்லை. அவளுடைய சமையலறையும் அவள் விட்டுப்போன சாமான்களுமே அவளைப் பற்றிப் பேசுகின்றன. ஒரே இடம், ஐந்து நடிகர்கள், காட்சி மாற்றமே கிடையாது.

உங்களுக்கு நான் சொல்லும் முதல் வேலையும் அதுதான். எழுத உட்காருவதற்கு முன் அந்த அரங்குக்குப் போய்க் காலி மேடையைப் பாருங்கள். எந்தப் பக்கம் உள்ளே வரலாம், பக்கத்திரைக்குப் பின்னால் எத்தனை பேர் நிற்க முடியும், கடைசி வரிசையிலிருந்து பார்த்தால் கையில் இருக்கும் கடிதம் தெரியுமா. தெரியாது. அதனால் கடிதத்தில் தொங்கும் கதையை எழுதாதீர்கள்.

சரி, தேர்வாகிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். ஒத்திகைக்குப் போங்கள், ஆனால் ஓரமாக உட்காருங்கள். நடிகர்களிடம் நேரடியாக ‘இப்படிப் பேசு’ என்று சொல்லக் கூடாது, எதுவானாலும் இயக்குநர் வழியாகத்தான். ஒரு வசனத்தில் ஒரே நடிகர் மூன்றாவது முறையும் தடுக்கினால் தப்பு அவர் மேல் இல்லை, வாக்கியத்தை உடையுங்கள். அப்புறம், நாடகத்தின் உரிமை யாரிடம் என்பதை எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். பதிப்புரிமை எழுதியவுடனே எழுதியவருக்கு வந்துவிடுகிறது, பதிவு செய்யத் தேவையில்லை. ஆனால் குழு அதை எத்தனை முறை போடலாம், வீடியோ எடுத்து வெளியிடலாமா என்பதெல்லாம் வாய்ப்பேச்சில் இருந்தால் பிறகு மனக்கசப்புதான். சினிமாப் பாட்டு எதையும் நாடகத்துக்குள் வைக்காதீர்கள், அதற்கு வேறு யாரிடமோ அனுமதி வாங்க வேண்டும்.

என் மூன்றாவது நாடகம் அக்கா, தம்பி இருவர் மட்டும் வருவது. அப்பா இறந்த பிறகு அவருடைய அறையைக் காலி செய்கிறார்கள். வீடு யாருக்கு என்பதில் சண்டை. இருபத்து மூன்று வரி வசனம் எழுதியிருந்தேன், ‘பத்து வருஷமா நீ வரவே இல்ல’, ‘நீ கூப்பிடவே இல்ல’ என்று போகும். ஒத்திகையில் இருவரும் கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றார்கள். இயக்குநர் ஒரு படுக்கை விரிப்பைக் கொடுத்து, பேசிக்கொண்டே மடியுங்கள் என்றார்.

ஆளுக்கு இரண்டு முனை. இழுத்து நேராக்கினார்கள், நடுவில் எட்டடி. முதல் மடிப்புக்கு இருவரும் கிட்டே வந்தார்கள், தம்பி முனைகளை அக்கா கையில் கொடுத்துவிட்டுக் குனிந்து கீழ் மடிப்பைப் பிடித்துப் பின்னால் போனான். இப்போது நான்கடி. அடுத்த மடிப்பில் இரண்டடி. துணி சின்னதாக ஆக ஆக அவர்களால் கத்த முடியவில்லை. முகத்துக்கு முகம் நின்றுகொண்டு யார் கத்துவார்கள்? குரல் தானாக இறங்கியது. கடைசி மடிப்பில் தம்பி முனையை விடாமல் பிடித்துக்கொண்டே நின்றான். அது அந்த நடிகருக்கு அன்றைக்குத் தோன்றியது, என் ஸ்கிரிப்டில் இல்லை. அக்காவாக நடித்தவர் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு “விடு” என்றார். துணியையா, வீட்டையா, எல்லாவற்றையுமா என்று யாரும் கேட்கவில்லை. அங்கேயே பென்சிலை எடுத்து இருபத்திரண்டு வரியை அடித்தேன்.

முதல் நாள் நிகழ்ச்சியில் எங்களுடையது நான்காவது. மேடையேற இரண்டு நிமிடம் இருக்கும்போது விரிப்பைக் காணவில்லை. மேடைப் பொருட்களுக்கென்று ஒரு மேசை வைத்து, அதில் ஒவ்வொரு நாடகத்துக்கும் கோடு போட்டுப் பெயர் எழுதி வைப்பது வழக்கம். எங்கள் கட்டம் காலியாக இருந்தது. எட்டிப் பார்த்தால் விரிப்பு மேடையில் இருக்கிறது! மூன்றாவது நாடகத்தில் பிணத்தை மூட அவர்கள் கொண்டுவந்த துணி கிழிந்துபோக, கையில் கிடைத்ததை எடுத்துப் போட்டுவிட்டார்கள். விளக்கு அணைந்ததும் பிணமாக இருந்தவர் எழுந்து அதைச் சுருட்டி என் கையில் திணித்துவிட்டு ஓடினார்.

விளக்கு வந்தது. அக்கா விரிப்பை உதறியபோது இரண்டாம் வரிசையில் யாரோ சிரித்தார்கள், அடையாளம் தெரிந்துவிட்டது. அப்புறம் சிரிப்பு இல்லை. சற்று முன் ஒரு பிணத்தின் மேல் கிடந்த துணியை இருவர் மடித்துக்கொண்டிருக்கிறார்கள், அவர்களுடைய அப்பா இறந்திருக்கிறார். கடைசி வரிசைக்குப் பின்னால் சுவரோடு ஒட்டி நின்றிருந்தேன். நான்கு மடிப்பும் முடியும்வரை ஒரு இருமல்கூட இல்லை.

இரண்டாம் நாள் அவர்கள் வேறு துணி கொண்டுவந்துவிட்டார்கள். எங்கள் விரிப்பு எங்கள் கட்டத்திலேயே இருந்தது. நடிகர்கள் முதல் நாளைவிட நன்றாகவே செய்தார்கள், கைதட்டலும் வந்தது. மூன்றாவது மடிப்பில் இரண்டு பேர் இருமினார்கள்.