பாணை நிறுத்த முன்னம் இரத்தம் சோதியுங்கள்
தம்பி, காலையில் பாணும் சம்பலும் சாப்பிட்டால் பத்து மணிக்குள் வயிறு ஊதிக் கல்லுப்போல ஆகிறது, இன்றைக்கே பாணை நிறுத்தட்டா என்று கேட்டிருந்தீர்கள். இப்போதைக்கு நிறுத்தாதீர்கள். சீலியாக் நோய் இருந்தால், கோதுமையில் உள்ள குளூட்டன் என்ற புரதம் உள்ளே போகும்போது உடம்பின் எதிர்ப்புச் சக்தியே சிறுகுடலின் உட்சுவரைத் தாக்கும். அந்த நோயைக் கண்டுபிடிக்கும் டிடிஜி (tTG) என்ற இரத்தப் பரிசோதனை நீங்கள் கோதுமை சாப்பிட்டுக்கொண்டிருந்தால்தான் சரியாகக் காட்டும், நிறுத்திவிட்டுப் போனால் நோய் இருந்தும் இல்லை என்று வரலாம். மெலிவு, இரத்தச்சோகை, விடாத வயிற்றோட்டம் ஏதும் இருந்தால் நாளைக்கே டொக்டரிடம் போங்கள்.

சரி, அது இல்லையென்று வந்தால் என் சந்தேகம் ஃபிரக்டான் மேல்தான். கோதுமையில் உள்ள அந்தச் சத்து சிறுகுடலில் செரிக்காமல் பெருங்குடலுக்குப் போய், அங்குள்ள பக்டீரியாக்களால் நொதித்து வாயுவாகும். சம்பலில் இடித்துப் போடுகிற சின்ன வெங்காயத்திலும் அது நிறைய உண்டு, ஆகவே ஒரு கிழமை வெங்காயம் போடாத சம்பலோடு அதே பாணைச் சாப்பிட்டுப் பாருங்கள்.

அப்புறம் புட்டு, அதிலும் கோதுமை இருக்கலாம். எங்கள் வீட்டில் மூன்று சுண்டு அரிசி மாவுக்கு ஒரு சுண்டு கோதுமை மா கலந்துதான் குழைப்போம், உங்கள் வீட்டிலும் கேட்டுப் பாருங்கள். தனி அரிசி மா, குரக்கன், ஒடியல் மூன்றிலும் குளூட்டன் இல்லை.