தொழு உரம், மண், மகசூல்: கேள்வி பதில்

கேள்வி: ஏக்கருக்குப் பத்து டன் தொழு உரம் போட்டேன். பயிர் இன்னும் வெளிறித்தான் நிற்கிறது. எரு வேலை செய்யவில்லையா?

பதில்: செய்கிறது, ஆனால் பயிரின் அவசரத்துக்குச் செய்யாது. தொழு உரத்தில் தழைச்சத்து, அதாவது நைட்ரஜன், ஏறக்குறைய 0.5 சதவீதம். பத்து டன்னில் 50 கிலோ. அதில் பெரும்பகுதி கரிமப் பொருளுக்குள் பூட்டிக் கிடக்கிறது. நுண்ணுயிர்கள் அதைச் சிதைத்த பிறகுதான் வேருக்குக் கிடைக்கும். முதல் பருவத்தில் மூன்றில் ஒரு பங்கு கிடைத்தாலே நல்லது. மீதி அடுத்தடுத்த பருவங்களில் வரும்.

அப்புறம், ஒரு கைப்பிடி எருவை எடுத்துப் பிரித்துப் பாருங்கள். வைக்கோல் முழுசு முழுசாகத் தெரிகிறதா? அமோனியா நெடி மூக்கில் ஏறுகிறதா? அப்படியானால் அது மக்கவில்லை. வைக்கோலில் ஒரு பங்கு தழைச்சத்துக்கு 80 பங்கு கரிமம் (கார்பன்) இருக்கும். அதைத் தின்ன வரும் நுண்ணுயிர்கள் தங்களுக்குத் தேவையான தழைச்சத்தை மண்ணிலிருந்தே எடுத்துக்கொள்ளும். அதுவரை பயிர் பட்டினி. நன்றாக மக்கிய எரு கருப்பாக, பொலபொலவென்று, மழை பெய்த மண்ணின் வாசனையோடு இருக்கும். இப்போதைக்குக் கொஞ்சம் தழைச்சத்தை மேலுரமாகக் கொடுங்கள், பச்சை திரும்பும். அடுத்த முறை மக்கியதைப் போடுங்கள். சாணம் வேறு, எரு வேறு.

கேள்வி: எருவை வயலில் குவியல் குவியலாகக் கொட்டிவிட்டோம். உழவுக்கு ஆள் வர பத்து நாளாகும். பரவாயில்லையா?

பதில்: பரவாயில்லை என்று சொல்ல மாட்டேன். எருவில் உடனே பயிருக்குக் கிடைக்கக்கூடிய தழைச்சத்து அமோனியா வடிவில் இருக்கிறது. வெயிலும் காற்றும் பட்டால் முதல் ஓரிரு நாளிலேயே அதில் பெரும்பங்கு ஆவியாகிப் போய்விடும். மழை பெய்தால் குவியலுக்கு அடியில் இருக்கிற இடம் மட்டும் செழிக்கும்; வயல் திட்டுத்திட்டாக வளரும். கொட்டிய அன்றே பரப்பி, அன்றே மண்ணோடு கலக்க வேண்டும். ஆள் வரும் வரை ஒரே பெரிய குவியலாக்கி மூடி வையுங்கள்.

கேள்வி: கோழி எரு போட்டதும் நாற்றெல்லாம் கருகிவிட்டது.

பதில்: புதுக் கோழி எரு சூடு அதிகம். தழைச்சத்து மாட்டு எருவைவிடப் பல மடங்கு, உப்பும் கூட. மக்க வைத்து, குறைந்த அளவில், நடவுக்குச் சில வாரம் முன்பே கலந்துவிடுங்கள். அதில் மணிச்சத்தும் (பாஸ்பரஸ்) நிறைய. தழைச்சத்துக் கணக்குப் பார்த்து வருடா வருடம் கொட்டினால் மணிச்சத்து மண்ணில் சேர்ந்துகொண்டே போகும். மழையில் அடித்துக்கொண்டு போய்க் குளத்தில் பாசி பிடிக்க வைக்கும். மண் பரிசோதனை செய்யாமல் கோழி எருவைத் தொடராதீர்கள்.

கேள்வி: ஆட்டுச் சாணத்தை அப்படியே போடலாமா?

பதில்: முதல் பதிலைப் படியுங்கள். மக்க வையுங்கள்.

கேள்வி: யூரியாவில் 46 சதவீதம் தழைச்சத்து. எருவில் அரை சதவீதம். எதற்கு இந்தச் சுமை?

பதில்: எருவைத் தழைச்சத்துக்காக மட்டும் வாங்கினால் நஷ்டம்தான். அது மண்ணுக்குச் செய்வதைச் சேர்த்துப் பாருங்கள். மண் துகள்கள் ஒட்டிக் கட்டிகளாகும், இறுக்கம் குறையும், தண்ணீர் உள்ளே இறங்கும், மண்புழு வரும், நுண்சத்துகளும் சேரும்.

கேள்வி (இன்னொருவர் குறுக்கிட்டு): அவருக்கு ஏன் இவ்வளவு விளக்கம்? ஒரு பிடி ரசாயன உரம் விழுந்தாலே மண் செத்துவிடும். எரு மட்டுமே போதும் என்று நேராகச் சொல்லுங்கள்.

பதில்: சொல்ல முடியாது, ஏனென்றால் அது உண்மையில்லை. இங்கிலாந்தின் ராதம்ஸ்டெட் ஆய்வு நிலையத்தில் 1843 முதல் கோதுமை வயலொன்றில் இதைச் சோதித்து வருகிறார்கள். ஒரு பாத்திக்கு எரு மட்டும், ஹெக்டேருக்கு 35 டன். பக்கத்துப் பாத்திக்கு ரசாயன உரம் மட்டும். நெடுங்காலம் இரண்டிலும் மகசூல் ஏறக்குறைய ஒன்றுதான். ரசாயனப் பாத்தி சாகவில்லை. ஆனால் எருப் பாத்தியில் கரிமச்சத்து அதைப்போல் இரண்டு மடங்குக்கு மேல். புது ரகங்கள் வந்தபின், எருவோடு கொஞ்சம் தழைச்சத்தும் சேர்த்த பாத்திதான் முந்தியது.

கேள்வி (அவரே): அந்த ஊர் குளிர். நம் மண்ணுக்கு அது பொருந்தாது.

பதில்: அளவு மாறும், வெப்பமான மண்ணில் கரிமம் இன்னும் வேகமாகக் கரையும். அதனால்தான் ஒரே தடவை போட்டுவிட்டு நிறுத்தக் கூடாது. ஹெக்டேருக்கு 35 டன் என்பது வருடா வருடம். உங்களிடம் அவ்வளவு எரு இருந்தால் போடுங்கள், அதிலும் மிஞ்சும் தழைச்சத்து நைட்ரேட்டாகி நிலத்தடி நீருக்கு இறங்கும் என்பதை நினைவில் வைத்து. அவ்வளவு இல்லாதவர், இருக்கிற எருவை அடியுரமாக்கி மீதியை உரத்தால் ஈடுகட்டினால் அதைப் பாவம் என்று சொல்லாதீர்கள். பயிருக்குச் சாப்பாடு வேண்டும், மண்ணுக்கும் வேண்டும்.

அதே நிலையத்தின் பார்லி வயலில் 1852 முதல் 1871 வரை மட்டும் எரு போட்டு நிறுத்திய பாத்தி ஒன்று உண்டு. நூறு வருடம் தாண்டியும் அந்த மண்ணில் கரிமம், எருவே காணாத பாத்தியைவிடக் கூடுதல். எருவின் பக்கம் பேச இதைவிட வலுவான சாட்சி எனக்குத் தெரியாது. இதைச் சொல்லுங்கள், 'செத்துவிடும்' என்பதை விடுங்கள்.

கேள்வி: எருவில் வெள்ளைப் புழுக்கள் நெளிகின்றன.

பதில்: வண்டின் புழு. பொறுக்கி எடுத்துவிட்டுப் போடுங்கள். வேரைக் கடிக்கும் வகையும் அதில் இருக்கும். குவியலைப் புரட்டிக்கொண்டே இருந்தால் தங்காது.

கேள்வி: பச்சைச் சாணத்தைக் கரைத்துக் கீரைக்கு ஊற்றலாமா?

பதில்: கூடாது. நோய்க்கிருமிகள் இலையில் ஒட்டும். குவியல் 55 டிகிரி சூட்டில் சில நாள் இருந்து, புரட்டப்பட்டு மக்கியிருக்க வேண்டும். களை விதைகளும் அந்தச் சூட்டில்தான் சாகும்.

கேள்வி: குதிரைச் சாணத்தை மக்க வைத்துப் போட்டேன். தக்காளி இலையெல்லாம் சுருண்டு கரண்டி மாதிரி ஆகிவிட்டது. வைரஸா?

பதில்: குதிரை தின்ற புல்லுக்கு என்ன களைக்கொல்லி அடித்தார்கள் என்று முதலில் விசாரியுங்கள். அமினோபைரலிட், குளோபைரலிட் போன்றவை விலங்கின் குடலைத் தாண்டியும், மக்கிய பிறகும் எருவில் நிற்கும். தக்காளி, அவரை இனம், உருளை எல்லாம் இதற்குக் கூசும். மிச்ச எருவை மண்ணோடு கலந்து சில தொட்டிகளில் நிரப்புங்கள், வேறு சில தொட்டிகளில் வெறும் மண். எல்லாவற்றிலும் பீன்ஸ் விதை ஊன்றி மூன்று வாரம் பாருங்கள். எருத் தொட்டியில் மட்டும் புது இலை சுருண்டால், அந்தக் குவியலில் மிச்சமிருப்பதைத் தோட்டத்துக்குள் விடாதீர்கள், அடுத்தவருக்கும் கொடுக்காதீர்கள்.