கற்பூர மரமும் வற்றும் ஊற்றும்: நீலகிரி மண், தண்ணீர் பற்றிய கேள்வி பதில்

நீலகிரி மேல்மலையில் கற்பூர மரம் (யூகலிப்டஸ்) ஓடைத் தண்ணீரைக் குறைக்கிறது என்று சொல்லிவருகிறேன். இங்கே மண் ஆய்வுக்காகப் பல வருடம் அலைந்தவன் என்பதால் இந்தக் கேள்விகள் என்னிடம் வந்தன. எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

மரம் நட்டால் தண்ணீர் பெருகும் என்றுதானே படித்தோம்? இங்கே மரமே தண்ணீரைக் குடிக்கிறது என்கிறீர்களே, சார்? (மேட்டுப்பாளையம்)

எந்த மரம், எந்த இடத்தில் என்று பார்க்க வேண்டும். மேல்மலையில் இயற்கையாக இருந்தது புல்வெளி. மலை மடிப்புகளிலும் ஓடைக்கரையிலும் மட்டும் சோலை, அதாவது என்றும் பச்சையாக இருக்கும் அடர்ந்த மலைக்காடு. வெள்ளைக்காரர்களுக்கு அந்தப் புல்வெளி சும்மா கிடக்கிற நிலமாகத் தெரிந்தது. 1843 வாக்கில் கற்பூர மரம் வந்தது. விறகுக்கும், பிறகு காகிதக்கூழுக்கும் நட்டார்கள். தோல் பதனிடும் பட்டைக்காகச் சீகை (வாட்டில் மரம்) நட்டார்கள். புல்லின் வேர் மேல்மண்ணிலேயே நின்றுவிடும், வறட்சியில் புல் காய்ந்து அடங்கிவிடும். கற்பூர மரமோ வருடம் முழுக்கப் பச்சையாக நின்று ஆழத்திலிருந்து இழுக்கும்.

இதற்கு அளந்த கணக்கு உண்டா? (ஈரோடு)

உண்டு. ஊட்டிக்குப் பக்கத்தில் கிளென்மார்கனில் அருகருகே இருக்கும் இரண்டு சிறு நீர்ப்பிடிப்புகளை (மழைநீர் ஒரே ஓடையில் வந்து சேரும் பரப்பு) ஆய்வாளர்கள் எடுத்துக்கொண்டார்கள். 1972இல் ஒன்றில் 59 சதவீதப் பரப்பில் கற்பூர மரம் நட்டு, மற்றதைப் புல்லாகவே விட்டு, ஓடைநீரை வருடக்கணக்கில் அளந்தார்கள். முதல் சுற்று மரங்கள் நின்ற காலத்தில் நீர்வரத்து 16 சதவீதம் குறைந்தது. வெட்டிய பிறகு அடிக்கட்டையிலிருந்து துளிர்த்த இரண்டாம் சுற்றில் சுமார் 25 சதவீதம். வேர் ஏற்கெனவே ஆழத்தில் இருந்ததே, அதனால்தான். மழைக்காலத்தில் இது கண்ணில் படாது. கோடையில் ஓடை மெலியும்போதுதான் உறைக்கும். பைக்காராவும் குந்தாவும் கடைசியில் பவானிக்குத்தான் வருகின்றன, உங்கள் வாய்க்கால் வரைக்கும்.

மண்ணுக்கு என்ன கெடுதல்? (கோத்தகிரி)

கோடையில் கற்பூரத் தோப்புக்குப் போய்ச் சருகை விலக்கி, காய்ந்த மண்ணில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள். பல இடங்களில் சேம்பிலைமேல் நிற்பதுபோல முத்தாக நிற்கும். சருகிலிருந்து வரும் மெழுகும் எண்ணெய்ப் பிசுக்கும் மண்துகளில் ஒட்டிக்கொள்வதால் வருவது இது. முதல் மழை உள்ளே இறங்காமல் மேலோடே ஓடிவிடும். மழைக்குப் பிறகு சோலைக்குள் ஒரு கைப்பிடி மண் எடுத்துப் பிழிந்தால் விரலிடுக்கில் தண்ணீர் கசியும். கறுத்து, இலை மக்கிய வாசத்தோடு இருக்கும்.

அப்படியானால் எல்லாவற்றையும் வெட்டிவிடலாமே, அண்ணா? (குன்னூர்)

அவசரப்படாதீர்கள். சரிவில் ஒரே அடியாக மொட்டையடித்தால் அடுத்த பருவமழையில் மண் அணைக்குத்தான் போகும். பொக்லைன் வைத்து வேரோடு பிடுங்குவது அதைவிட மோசம். சீகை விதை மண்ணுக்குள் பல பத்தாண்டுகள் உயிரோடு கிடக்கும். மண்ணைக் கிளறினாலோ தீ பட்டாலோ கம்பளம் விரித்த மாதிரி முளைக்கும். பட்டை பட்டையாக வெட்டி, உள்ளூர்ப் புல் நட்டு, முளைத்து வரும் சீகை நாற்றுகளை வருடாவருடம் கையால் பிடுங்க வேண்டும். வெட்டுவதற்குப் பணம் கிடைக்கிறது, பிடுங்குவதற்குக் கிடைப்பதில்லை. என் பார்வையில் பாதி வேலைகள் அங்கேதான் தோற்கின்றன. சில பழைய தோப்புகளுக்கு அடியில் சோலைக் கன்றுகள் தானாகவே வருகின்றன. அங்கே கைவைக்க வேண்டாம்.

மழை பெய்தால் எங்கள் ஓடை தேநீர் நிறத்தில் வருகிறது. மரம் வெட்டுவதாலா? (கூடலூர்)

வெட்டுவதைவிட, வெட்டிய மரத்தை இழுத்து வரும் பாதைதான் பெரும்பாலும் காரணம். லாரிச் சக்கரம் பதிந்த தடமே வாய்க்காலாகிவிடும். பாதையில் அங்கங்கே குறுக்கே மண்மேடு போட்டு, தண்ணீரைப் பக்கத்துப் புதருக்குள் திருப்பிவிட்டால் கலங்கல் வெகுவாகக் குறையும்.

ஓடையோரம் எனக்கு அரை ஏக்கர் தேயிலை இருக்கிறது. நான் என்ன செய்யலாம்? (கோத்தகிரி)

கரையை ஒட்டிக் கடைசி இரண்டு மூன்று வரிசையை விட்டுவிடுங்கள். நாவல், விக்கி போன்ற சோலைக் கன்றுகள் வைக்கலாம். அந்தப் பட்டையில் உரமும் களைக்கொல்லியும் வேண்டாம். மேலே போட்ட உரம் ஓடைக்கு இறங்கும் வழியில் அங்கே ஓரளவு தங்கிவிடும். கன்று எழ நாலைந்து வருடம் ஆகும், அதுவரை மாடு நுழையாமல் வேலி போடுங்கள்.