கேள்வி – பதில்: இன்ஜின் மாற்றாத ரயில்

கேள்வி: புறநகர் மின்சார ரயில் கடைசி நிலையத்தில் இன்ஜினை மாற்றாமலே திரும்பிவிடுகிறதே, எப்படி?

பதில்: இன்ஜின் இழுத்த காலத்தில் அதைக் கழற்றி, பக்கத்துத் தண்டவாளம் வழியே மறுமுனைக்குக் கொண்டுபோய், மீண்டும் கோத்து, பிரேக்கைச் சோதித்தாக வேண்டும். அதுவரை நடைமேடை அடைபட்டுக் கிடக்கும். 1897-இல் அமெரிக்கப் பொறியாளர் ஃபிராங்க் ஸ்ப்ரேக் சிகாகோவின் சவுத் சைடு உயர்மட்ட ரயிலுக்காக இதற்கு வழி கண்டார். மோட்டார்கள் பெட்டிகளுக்கு அடியிலேயே போயின. இதில் அருமையான விஷயம், மோட்டாருக்கான பெருமின்சாரம் ஓட்டுநரின் கைப்பிடி வழியே போவதே இல்லை. மெல்லிய கம்பிகளில் சிறு மின்சாரம் மட்டும் ஓடி, ஒவ்வொரு மோட்டார் பெட்டியின் சுவிட்சுகளையும் ஒரே நேரத்தில் இயக்குகிறது. ஓட்டுநர் மறுமுனை அறைக்கு நடந்தால் போதும். பெட்டிகளுக்கு இடையே இந்தக் கம்பி இணைப்பில் அழுக்கேறித் தொடர்பு விட்டால், அப்பாலுள்ள மோட்டார்கள் சும்மா கிடக்கும். வண்டி நகரும், வேகம் பிடிக்கத் திணறும்.