கருப்பன் காரில் ஏறாமல் நிற்கிறான்

கேள்வி: எங்கள் வீட்டில் ஏழு வருடமாகக் கருப்பன் இருக்கிறான். கம்பத்து நாய், அதாவது நாட்டு நாய். குட்டியாகச் சாக்கடையோரம் கிடந்தவனை என் மூத்த மகன்தான் தூக்கிவந்து வளர்த்தான். சீனப் பெருநாள் முடிந்த கையோடு மகன் வேலைக்காகச் சிங்கப்பூர் போய்விட்டான். அதிலிருந்து கருப்பன் பழைய கருப்பனாக இல்லை. சாப்பிடுகிறான், வாலும் ஆட்டுகிறான். ஆனால் மகன் அறை இருக்கும் மாடிக்கு வருவதே கிடையாது. தடவப் போனால் முகத்தைத் திருப்பிக்கொண்டு நாக்கால் மூக்கை நக்குகிறான். ஞாயிற்றுக்கிழமை கர்பால் சிங் டிரைவ் கடலோரம் கூட்டிப்போகலாம் என்று கார் கதவைத் திறந்தால், முன்பெல்லாம் ஒரே தாவு தாவி உட்காருவான். இப்போது வந்து நின்று என் முகத்தைப் பார்க்கிறான். போன வாரம் நாலு வயதுப் பேத்தி பின்னாலிருந்து கட்டிப்பிடித்ததற்கு உறுமிவிட்டான். கணவர் பேப்பரைச் சுருட்டி ஓர் அடி போட்டார். "நாய்க்கு என்ன மூடு வேண்டிக்கிடக்கு, வயசாயிடுச்சு" என்கிறார். மாமியார் கண் பட்டுவிட்டது என்கிறார். அவன் மகனை நினைத்து ஏங்குகிறான் என்று எனக்குப் படுகிறது. இராத்திரியில் நானும் அழுகிறேன், அவன் பக்கத்தில் வந்து படுத்துக்கொள்கிறான். நான்தான் இல்லாததைக் கற்பனை செய்கிறேனா?
வாசகி, ஜெலுத்தோங், பினாங்கு

பதில்: அன்புச் சகோதரி, கற்பனையே இல்லை. ஏழு வருடம் சோறு வைத்த கைக்கு, தட்டை நோக்கி அவன் வரும் நடையில் ஒரு சின்னச் சுணக்கம் விழுந்தாலும் தெரிந்துவிடும். எந்த மருத்துவரும் கருப்பனை இன்று முதல்முறையாகத்தான் பார்ப்பார். அவனுடைய வழக்கம் எது, வழக்கத்துக்கு மாறானது எது என்று சொல்லக்கூடிய ஒரே ஆள் நீங்கள். அவன் மாறிவிட்டான் என்று நீங்கள் சொல்வதை அப்படியே நம்புகிறேன். அதற்கு நீங்கள் சொல்லும் காரணத்தில்தான் எனக்குத் தயக்கம் இருக்கிறது.

உங்கள் கடிதத்தில் கார் பற்றி எழுதியிருந்த இடத்தில் நின்றுவிட்டேன். மாடிக்கு வராததற்கு மகனின் காலி அறை காரணமாக இருக்கலாம், சரி. காருக்கும் அந்த அறைக்கும் என்ன சம்பந்தம்? கடலோரம் போக மனமில்லாத நாய் கதவு திறக்கிற சத்தத்துக்கு எழுந்தே வராது. கருப்பன் எழுந்து வருகிறான், கதவருகே நிற்கிறான், உங்கள் முகத்தைப் பார்க்கிறான். போக ஆசை இருக்கிறது. தாவ முடியவில்லை. படி ஏறுவதும் காரில் தாவுவதும் பின்னங்காலை ஊன்றிச் செய்கிற காரியங்கள். பேத்தி கட்டிப்பிடித்ததும் பின்பக்கத்தைத்தான். மூன்றையும் சேர்த்துப் பார்த்தால், அவனுக்கு இடுப்பிலோ முழங்காலிலோ முதுகிலோ வலி இருக்கலாம் என்ற சந்தேகம்தான் எனக்கு முதலில் வருகிறது. ஏக்கமும் இருக்கலாம், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் வலியைத் தேடிப் பார்த்து இல்லையென்று தெரிந்த பிறகுதான் ஏக்கத்துக்கு வர வேண்டும். இந்த வரிசையை மாற்றியதால் நான் பட்ட பாடு ஒன்று உண்டு.

செந்தூலிலிருந்து ரவாங்குக்கு நாங்கள் வீடு மாறிய நேரம். எங்கள் நாய் செல்லிக்கு அப்போது ஆறு வயது. புது வீட்டுக்கு வந்த சில நாளிலேயே ஒதுங்க ஆரம்பித்தாள். கையை நீட்டினால் முகத்தைத் திருப்புவாள். பழைய வீட்டையும் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளையும் தேடுகிறாள் என்று நினைத்து, கூடவே உட்கார்ந்து பேசிப் பேசித் தேற்றினேன். ஆறு வாரம் போனது. ஒருநாள் என் மகள்தான் கவனித்தாள்: "அம்மா, இவ வலது பக்கமாவே மெல்லுறா." கிளினிக்கில் உதட்டைத் தூக்கிப் பார்த்தால், இடது மேல்தாடையின் பெரிய பல் நெடுக்காகப் பிளந்து வேரில் சீழ் வைத்திருந்தது. வாராவாரம் ஆட்டெலும்பு கடிக்கக் கொடுத்தவளே நான்தான். பல்லைப் பிடுங்கிய பத்தாவது நாள் பழையபடி வாசலுக்கு ஓடிவந்தாள். புது வீடு அவளுக்கு ஒரு குறையாகவே இருந்திருக்கவில்லை. அவள் முகத்தைத் திருப்பியது எப்போதும் என் கை இடது கன்னத்துப் பக்கம் போனபோது மட்டும்தான் என்பது அதற்குப் பிறகுதான் நினைவுக்கு வந்தது. அந்த ஆறு வாரத்தை நினைத்தால் இன்றும் நெஞ்சு கனக்கிறது.

நாள்பட்ட வலி பெரும்பாலும் நாயைக் கத்த வைக்காது. அது ஒதுங்கும், கூடுதலாகத் தூங்கும், தொட்டால் எரிச்சல்படும், விளையாட்டைப் பாதியில் விட்டுவிட்டுப் போய்ப் படுக்கும். வீட்டிலிருப்பவர்கள் இதற்குத்தான் கோபம், சோகம், கொழுப்பு, வயது என்று ஆளுக்கொரு பெயர் வைக்கிறோம்.

அதனால் இந்த வாரமே கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். அங்கே போனதும் பயத்திலும் பரபரப்பிலும் பல நாய்கள் நொண்டாமல் நடந்துவிடும், வீட்டில் தெரிகிற குறை அங்கே தெரியாது. காலையில் படுக்கையை விட்டு அவன் எழுகிற முதல் நிமிடத்தைக் கைப்பேசியில் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். முன்னங்காலை ஊன்றி இழுத்துக்கொண்டு எழுகிறானா, எழுந்ததும் நாலு அடி விறைப்பாக வைக்கிறானா என்று அதில் பார்க்கலாம். நேராக உங்களை நோக்கி நடந்து வருவதையும் உங்களை விட்டு விலகிப் போவதையும் எடுங்கள். "சோகமா இருக்கான்" என்று சொல்வதைவிட, "சீனப் பெருநாள் வரைக்கும் தாவி ஏறினான், இப்போது ஏறுவதில்லை" என்று சொன்னால் மருத்துவர் எங்கே கை வைப்பது என்று தெரிந்துகொள்வார். காரில் ஏற்றும்போது முன்காலைப் பிடித்து இழுக்காதீர்கள். ஒரு கை மார்புக்கு அடியிலும் ஒரு கை பின்தொடைக்கு அடியிலும் கொடுத்து, இரண்டு பேராகத் தூக்குங்கள்.

உண்ணிக் காய்ச்சலுக்கான இரத்தப் பரிசோதனையையும் கேட்டுச் செய்யுங்கள். நம் ஊர் வெயிலுக்கும் ஈரத்துக்கும் பழுப்பு நாய் உண்ணி வருடம் முழுக்கப் பெருகும். அது கடித்து இரத்தத்தில் கலக்கும் எர்லிக்கியா, பபீசியா போன்ற கிருமிகள் தொடக்கத்தில் பெரிதாக எதையும் காட்டாது. நாய் கொஞ்சம் மந்தமாகும், சாப்பாட்டில் பிடிப்பு குறையும், மூட்டு வலிக்கும். மூட்டு வலித்தால் கார் ஏறவும் மாட்டான், பாருங்கள். விரலிடுக்கு, காதின் உட்புறம், கழுத்துப் பட்டைக்கு அடி, வாலின் அடி ஆகிய இடங்களில் இன்றே தடவிப் பாருங்கள். ஈறு வெளுத்திருந்தால் இரத்தம் குறைந்திருக்கலாம். பல கம்பத்து நாய்களுக்கு ஈறே கறுப்பாக இருக்கும், கருப்பனுக்கும் அப்படித்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். அப்படியானால் கீழ் இமையை மெல்ல இழுத்து உட்புறம் இளஞ்சிவப்பாக இருக்கிறதா என்று பாருங்கள். அவன் நன்றாகத் தூங்கும்போது நெஞ்சு ஏறி இறங்குவதை ஒரு நிமிடம் எண்ணுங்கள். முப்பதைத் தாண்டுவது ஒரு தடவையோடு நிற்காமல் திரும்பத் திரும்ப நடந்தால் அதையும் சொல்லுங்கள். மூக்கில் இரத்தம், நிற்க முடியாமை, வயிறு உப்பி வெறும் குமட்டல், சிறுநீர் வராமை, இவற்றில் எது வந்தாலும் மறுநாளுக்குத் தள்ளாதீர்கள்.

வலிக்குமே என்ற பரிவில் பனடோல் கொடுத்துவிட வேண்டாம். பனடோலில் இருக்கும் பாராசிட்டமோலும் இபுபுரோஃபெனும் நாயின் கல்லீரலையும் சிறுநீரகத்தையும் குடலையும் கெடுக்கக்கூடியவை. நாம் பூசிக்கொள்ளும் தைலமும் ஆகாது, நக்கியே விழுங்கிவிடுவான். மாமியாரின் மனசுக்காகத் திருஷ்டி கழிப்பதில் எனக்கு ஆட்சேபம் கிடையாது, சுற்றிய மிளகாயை அவனிருக்கும் இடத்தில் மட்டும் புகைக்க வேண்டாம் என்று சொல்லுங்கள். நமக்கே தும்மல் வரும் அந்தப் புகையில் அவன் மூக்கு என்ன பாடுபடும்!

இனி உறுமல். உங்கள் கணவரிடம் இந்தப் பத்தியைத் தயவுசெய்து வாசித்துக் காட்டுங்கள். அண்ணன் கோபித்துக்கொள்ளக்கூடாது, பேத்தி மேல் உள்ள பாசத்தில்தான் அடித்தீர்கள் என்று தெரிகிறது. ஆனால் உறுமல்தான் அந்தக் குழந்தையைக் காப்பாற்றியது. நாய் எடுத்தவுடன் உறுமாது. முகத்தைத் திருப்பும். வாயில் ஒன்றுமே இல்லாதபோது நாக்கை நீட்டி மூக்கை நக்கும். தூக்கமே இல்லாதபோது கொட்டாவி விடும். தலையை அசைக்காமல் கண்ணை மட்டும் ஓரமாக ஓட்டும், வெள்ளைவிழி பிறைபோலத் தெரியும். காது பின்னுக்குப் போகும். கடைசியில் உடம்பு ஒரு கணம் சிலைபோல் உறையும், அதன் பிறகே உறுமல் வரும். தடவப் போகும்போது அவன் முகத்தைத் திருப்பி மூக்கை நக்கியதை அக்காவே எழுதியிருக்கிறார். "இப்போ வேணாம்" என்று வாரக்கணக்காகச் சொல்லிப் பார்த்தவன், கேட்க ஆளில்லாமல் குரலைத் திறந்தான். உறுமியதற்கு அடி வாங்கிய நாய் வலியை மறக்காது, உறுமலைத்தான் விட்டுவிடும். அடுத்த தடவை எச்சரிக்கையே இல்லாமல் பல் பட்டுவிடும்.

வால் ஆட்டுகிறானே, அப்புறம் என்ன குறை என்றும் வீட்டில் கேட்பார்கள். வால் ஆடுவதற்கு மகிழ்ச்சி என்று ஒரே பொருள் கிடையாது. இத்தாலியின் பாரி நகர ஆய்வாளர்கள் 2007இல் 30 நாய்களைப் படமெடுத்து அளந்தார்கள். வளர்ப்பவரைக் கண்டபோது வால் வலப்பக்கம் கூடுதலாகச் சாய்ந்து ஆடியது, மிரட்டும் தோரணையுள்ள அந்நிய நாயைக் கண்டபோது இடப்பக்கம் சாய்ந்தது. வெறுங்கண்ணால் இதை அளக்க முடியாது, தேவையும் இல்லை. உடம்பு முழுதும் நெளிந்து தளர்ந்து வால் ஆடுகிறதா, உடம்பு விறைத்திருக்க வால்நுனி மட்டும் ஆடுகிறதா என்று பார்த்தால் போதும்.

மருத்துவர் பார்த்து, வலி இல்லை அல்லது அதற்கு மருந்து தொடங்கியாயிற்று என்ற பிறகு மகன் விஷயத்துக்கு வரலாம். மகன் போனபோது அவனோடு என்னென்ன போயின என்று யோசியுங்கள். மாலை நடையைக் கூட்டிப்போனது அவன்தானா? இராத்திரி கேட் பூட்டும்போது கூடவே ஒரு சுற்று வந்தது அவனோடுதானா? அந்த வேலைகளுக்கு வீட்டில் இன்னொருவர் பெயர் போட்டாக வேண்டும், அதே நேரத்துக்கு. மருத்துவர் அனுமதிக்கும் அளவு நடக்கட்டும். தார்ச்சாலையில் புறங்கையை ஏழு விநாடி வைத்துச் சூட்டைத் தாங்க முடிந்தால் கிளம்பலாம். வேகம் வேண்டாம், புல்லை அவன் நின்று நிதானமாக முகரட்டும், நாய்க்கு அதுவே பாதி நடை. மகன் அடுத்து வரும்போது, அவன் வாசனைக்காக, துவைக்காத பனியன் ஒன்றை விட்டுப் போகச் சொல்லுங்கள்.

சீனப் பெருநாளின் எட்டாம் நாள் இரவை எப்படிக் கழித்தான் என்றும் நினைத்துப் பாருங்கள். சியூ படகுத்துறைப் பக்கம் தீகோங் எனும் சீனரின் வானரசர் வழிபாட்டுக்கு வெடிக்கும் வெடி ஜெலுத்தோங்குக்குக் கேட்காமல் இருக்காது. அன்று மிரண்டு எங்காவது தாவியோ வழுக்கியோ விழுந்தானா? மகன் கிளம்பியதும் அதே நாட்கள்தானே. விழுந்திருந்தால் மருத்துவரிடம் அதுதான் முதல் தகவல்.

நீங்கள் அழும்போது அவன் வந்து படுப்பதைப் பற்றி எழுதியிருந்தீர்கள். பெல்ஃபாஸ்ட் குவீன்ஸ் பல்கலைக்கழகத்தில் 2022இல் செய்த ஒரு சோதனையில், மன அழுத்தத்தில் இருந்தவர்களின் மூச்சையும் வியர்வையையும் நாய்கள் பத்துக்கு ஒன்பது தடவைக்கு மேல் சரியாகப் பிரித்துக் காட்டின. சுவீடனின் லின்சோப்பிங்கில் 2019இல், 58 நாய்களின் முடியையும் அவற்றை வளர்த்த பெண்களின் முடியையும் ஆராய்ந்தார்கள். நீண்டகால மன அழுத்தத்தைக் காட்டும் கார்டிசோல் என்ற ஹார்மோன் இருவரிலும் சேர்ந்தே ஏறி இறங்கியிருந்தது. உங்கள் அழுகை அவனைக் கெடுக்கிறது என்று இதை எடுத்துக்கொள்ளாதீர்கள். அவனுக்கு உங்கள் துக்கம் தெரிகிறது, அவ்வளவுதான். பிள்ளை போன வெறுமையைக் கருப்பனிடம் மட்டும் சொல்லிக்கொண்டிருக்காமல் கணவரிடமும் சொல்லுங்கள். மாலை நடைக்கு மூன்று பேருமாகவே போகலாம். அண்ணனுக்கும் மகன் இல்லாத வீடு புதிதுதானே.

பேத்தி வரும்போது, கருப்பன் படுத்திருக்கும் இடத்துக்கு அவள் போகக்கூடாது என்பதை வீட்டுச் சட்டமாக்குங்கள். பெரியவர் ஒருவர் பக்கத்தில் இல்லாமல் இருவரையும் தனியே விடாதீர்கள். வலி அடங்கிய பிறகு, அவளைத் தரையில் உட்கார வையுங்கள், அவன் தானாக வரட்டும். வந்தால் மார்பிலோ தோளிலோ மூன்று விநாடி தடவிவிட்டுக் கையை எடுக்கச் சொல்லுங்கள். அவன் இன்னும் நெருங்கிவந்து கையை முட்டினால் மறுபடி மூன்று விநாடி. முகத்தைத் திருப்பினால், மூக்கை நக்கினால், "கருப்பனுக்கு இப்போ வேணாமாம் பாட்டி" என்று அவளே உங்களிடம் வந்து சொல்லட்டும். நாலு வயதுக் குழந்தை இதை விளையாட்டாகவே கற்றுக்கொள்ளும்.

பரிசோதனை முடிவு வந்ததும் எழுதுங்கள், காத்திருக்கிறேன்.