"இன்னும் பேண்ட் வரலைம்மா" என்கிறாளா உங்கள் மகள்?

பி.எஸ்சி. பயோடெக்னாலஜி இரண்டாம் ஆண்டு படிக்கும் மகள் காலையில் லேபுக்குப் போனால் இருட்டித்தான் வருகிறாள், ஆறு வாரமாக ரிசல்ட்டே இல்லை (பேண்ட் என்று அவள் சொல்வது, ஜெல் என்ற கூழ்த்தட்டில் டிஎன்ஏ தெரியும் கோட்டை), படிப்பு கெட்டுவிடுமோ என்று கேட்டிருக்கிறீர்கள். ஆறு வாரமெல்லாம் ஆராய்ச்சியில் ஒரு கணக்கா? ஏன் வரவில்லை என்று அவளுக்குத் தெரிகிறதா, அதைப் பாருங்கள்.

மாவிலையிலிருந்து டிஎன்ஏ எடுத்து பிசிஆர் (டிஎன்ஏவின் ஒரு பகுதியைப் பல மடங்கு நகலெடுக்கும் முறை) போடுகிறாள் என்று வையுங்கள். ஒரு குழாயில் மொத்தமே 25 மைக்ரோலிட்டர், அதாவது அரைச் சொட்டு. அதில் நகலெடுக்கிற டாக் என்சைம் இத்தனூண்டு. என்சைமோ கிளிசரால் என்ற கனமான, கெட்டியான திரவத்தில் இருக்கும். சரியாகக் கலக்காவிட்டால் அடியில் தங்கிவிடும். அதனால்தான் எட்டுக் குழாய் போட ஒன்பதுக்கான கலவையை மொத்தமாகக் கலந்து பிரிப்பார்கள். மாவிலையில் என்சைமைத் தடுக்கும் பாலிஃபீனால் என்ற பொருள் வேறு அதிகம். டிஎன்ஏ பழுப்பாக வந்தால் என்சைம் முடங்கும். புதுசாக வருகிறவர்கள் டிஎன்ஏவைக் கூட்டிக் கூட்டிப் போடுவார்கள்; கூடவே தடுக்கும் பொருளும் கூடும். பத்து மடங்கு நீர்க்க வைத்துப் போட்டால் பல சமயம் பேண்ட் வந்துவிடும்.

ராத்திரி சாப்பிடும்போது கேளுங்கள்: "பாசிட்டிவ் கண்ட்ரோல் வந்துச்சாம்மா?" பேண்ட் தரும் என்று ஏற்கெனவே தெரிந்த டிஎன்ஏவைப் போட்ட குழாய் அது. வந்திருந்தால் கலவை சரி, கோளாறு அவள் எடுத்த டிஎன்ஏவில். அதுவும் வராவிட்டால் கலவையையோ மெஷினில் கொடுத்த வெப்பநிலையையோ பார்க்க வேண்டும். டிஎன்ஏ போடாத குழாயில் பேண்ட் தெரிந்தால் எதிலோ கலப்படம். கண்ட்ரோலே போடவில்லை என்றால் சொல்லித்தர ஆளில்லை என்று அர்த்தம். பெரும்பாலும் சொல்லித்தருவது கைடு அல்ல, பிஹெச்டி மாணவர்தான். அவர் தீசிஸ் எழுதும் மும்முரத்தில் இருந்தால் வேறொருவரிடம் விடச் சொல்லி கைடிடம் கேட்கலாம், தப்பில்லை.

பிப்பெட்டில் மாட்டும் டிப் அடுக்குவது, கண்ணாடிப் பாத்திரம் கழுவுவது எல்லாம் முதல் இரண்டு வாரத்துக்குச் சகஜம். அதற்கு மேலும் அதுவேதான் என்றால் லேபை மாற்றுங்கள்.

பணம் கட்டினால் முப்பது நாளில் ப்ராஜெக்ட்டும் சான்றிதழும் என்று சொல்லும் இடங்கள் வேண்டவே வேண்டாம். ரிப்போர்ட் அங்கே தயாராக இருக்கும்; நேர்காணலில் "இந்த வெப்பநிலை ஏன் வைத்தாய்?" என்றால் பிள்ளை விழிக்கும்.

பெங்களூரு, டெல்லி, பிரயாக்ராஜில் (பழைய அலகாபாத்) உள்ள மூன்று அறிவியல் அகாடமிகள் சேர்ந்து இரண்டு மாதக் கோடை ஆய்வு உதவித்தொகை தருகின்றன. கோடைக்குப் பல மாதம் முன்பே விண்ணப்பம் முடிந்துவிடும். லேபில் இதுவரை என்ன செய்தோம் என்று சொல்ல நோட்டு வேண்டும். பேண்ட் வராத ஜெல்லின் படத்தையும் அதில் தேதி போட்டு இப்போதே ஒட்டி வைக்கச் சொல்லுங்கள்.