கறுப்பு ரீசேட்டில பனையோலைக் கோடு அப்புறது பற்றி

தம்பி, உங்கட இசைக்குழு (பாண்ட்) ரீசேட்டுக்குக் கீறின பனைமரத்தைக் கறுப்புத் துணியில அடிக்க, ஓலைக்கோடெல்லாம் அப்பிப்போச்சு எண்டு கேட்டிருந்தீங்கள். ஸ்கிரீன் பிரிண்டில, அதாவது வலைச்சட்டத்தால மையைத் தள்ளி அடிக்கிற முறையில, கறுப்பெண்டால் முதல்ல வெள்ளை அடிச்சுத்தான் மேல நிறம் அடிப்பினம். ரெண்டு மையும் பரவ, ஓலைக்கு நடுவில விட்ட இடைவெளி மூடுப்படும். ஓலையைக் குறைச்சு, இடைவெளியை ஒரு மில்லிமீற்றருக்குக் கிட்ட விடுங்கோ. அடிவெள்ளையை மேல்நிறத்தைவிட ஒரு மயிரிழை சுருக்கச் சொல்லுங்கோ, இல்லாட்டி ஓரத்தில வெள்ளை எட்டிப்பார்க்கும். 12 அங்குல அகலத்துக்கு 300 டிபிஐ (அங்குலத்துக்கு 300 புள்ளி) எண்டால் 3600 பிக்சல் வேணும். வெக்டரா, அதாவது எவ்வளவு பெருப்பிச்சாலும் உடையாத கோட்டுப்படமாக் குடுத்தால் இந்தத் தலையிடியே இல்லை. குடுக்க முதல் கம்பஸ் பக்கம் ஏதாவது கொமினிக்கேஷனில (பிரிண்ட், கொப்பி எடுக்கிற கடையில) உண்மையான அளவில பிரிண்ட் எடுத்து, தள்ளி நிண்டு பாருங்கோ. நிறத்துக்கொரு ஸ்கிரீன், காசும் அப்பிடித்தான் ஏறும். எனக்கெண்டால் வெள்ளை ஒண்டே காணும். நிழலைத் துணியின்ர கறுப்பே பாத்துக்கொள்ளும்.